தொப்பிக்காரனும் நெற்றிக்காசும்

வேம்படித்துறையில் செத்தவர்கள் திரும்பி வரத் தொடங்கியது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், ஆனால் எப்படி வந்தார்கள் என்று கேட்டால் ஊரே ஒரே பதில்தான் சொல்லும்: பிணத்தின் நெற்றியில் ஒட்டி அனுப்புகிற ஒரு ரூபாய்க் காசை, வழக்கம்போல் டீக்கடைக்குக் கொண்டுபோகாமல், மயானத்தில் வேலை பார்த்த பிச்சாண்டி ஒரு நாள் ராஜம் டாக்கீஸ் வாசலில் நின்ற ஜப்பான் மெஷினுக்குள் போட்டுவிட்டான், அதனால் வந்தார்கள். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்காத ஊர் இதை மட்டும் ஏன் கேட்கப் போகிறது?

அந்த மெஷின், கரைதட்டிய ஒரு ஜப்பான் கப்பலை உடைத்து விற்றபோது கிடைத்தது. ஆளுயரப் பெட்டி, முன்னால் கண்ணாடி, ஒரு குச்சி, ஒரு பொத்தான், காசு போட ஒரு வாய். கண்ணாடிக்குள் தொப்பி வைத்த குட்டி மனிதன் ஒருவன் நண்டுகளைத் தாண்டித் தாண்டி, ஏணி ஏணியாக ஏறி, உச்சி மாடியில் துணியை ஆட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணிடம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததும் அவள் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்வாள். 'வந்துட்டீங்களா' என்கிறாள் என்று ஊர்ப் பெண்களும், 'மன்னிச்சிருங்க' என்கிறாள் என்று ஊர் ஆண்களும் அர்த்தம் சொன்னார்கள்.

பிச்சாண்டி காசு போட்ட அன்று எரிந்து முடிந்திருந்தவர் அரிசி மண்டி உலகநாதன். சொந்தக்காரர்கள் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வீடு திரும்பினால், மனிதர் உயிரை விட்ட அதே கல்லாப்பெட்டிக்குப் பின்னால், சோக் போன ட்யூப்லைட் மாதிரி மினுக்கி மினுக்கி உட்கார்ந்திருந்தார். மினுக்கு நிற்கும்வரை அவரை யாராலும் தொட முடியவில்லை. நின்றதும், "கடையப் போட்டுட்டு எல்லாரும் எங்கல போனிய?" என்று கேட்டார். மூத்த மகன் மட்டும் அழுதான், பாகப்பிரிவினைப் பேச்சு அதற்குள் பாதி முடிந்திருந்தது.

ஊர் இதைச் செரித்துக்கொண்ட வேகத்தைச் சொல்லியாக வேண்டும். நெற்றிக்காசு இனிமேல் குடும்பத்துக்கே சொந்தம் என்று ஊர்க் கமிட்டி தீர்மானம் போட்டது, பிச்சாண்டி மெஷின் பக்கம் வரக்கூடாது என்றும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டது. ஒப்பாரி வைக்கிறவர்கள் பாதிப் பாட்டோடு நிறுத்திவிட்டு மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டார்கள். தாலுகா ஆபீசில் இறப்புச் சான்றிதழை ரத்து செய்ய வழி இல்லாததால், திரும்பி வந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே வாரிசு என்று எழுதிக் கொடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் மட்டும் எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அதில் செத்தவர்கள் எப்போதுமே உயிரோடுதான் இருந்தார்கள்.

இதையெல்லாம் ஆவுடைத்தங்கத்துக்கு அவள் புருஷன் வேலாயுதப்பெருமாள்தான் சொன்னார். துறைமுக எடைமேடையில் கிளார்க்காக இருந்த அவர் சொன்னால்தான் அவளுக்கு வெளியுலகம் தெரியும், கோயிலுக்கும் ரேஷனுக்கும் தவிர அவளை அவர் வெளியே விட்டதில்லை. அவர் பேசுவது மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"ஏட்டி," என்றார் ஒரு நாள், சாய்வுநாற்காலியில் சாய்ந்துகொண்டு. "நான் செத்துட்டேம்னா காசை எங்கயாவது வச்சுட்டுத் தேடிக்கிட்டு நிக்காத. காரியம் முடிஞ்ச கையோட மெஷின்ல போட்டுரணும். நான் கண்ணு முழிக்கையில காபி சூடா இருக்கணும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றாள் ஆவுடை.

இதற்கிடையில் மெஷின் முன்னால் கூட்டம் தாங்கவில்லை. டாக்கீஸ் முதலாளியும் கமிட்டித் தலைவருமான குற்றாலலிங்கம் மெஷினைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றி, மாலை போட்டு, முதலில் எந்தத் தெரு, பிறகு எந்தத் தெரு என்று வரிசை வகுத்தார். அந்த வரிசையில் கடைசித் தெருக்களின் முறை வரவே இல்லை. அப்போதுதான் கப்பல் சாமான் கடை மீரான், அதே தொப்பிக்காரன் ஆட்டம் வீட்டு டிவியில் ஆடுகிற மாதிரியும் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தான். கொஞ்சம் வசதியானவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி, மற்றவர்களுக்கு எங்கே செய்தது என்றே தெரியாத ஒரு மஞ்சள் கேசட். வீட்டுப் பெட்டியில் காசு போட வாய் கிடையாது. ஆனால் மஞ்சள் கேசட் எப்போதும் லொடலொடவென்று ஆடும், அதை வாயால் ஊதிச் சொருகி, ஆடாமல் இருக்க இடுக்கில் எதையாவது செருகி வைப்பது ஊர் வழக்கம். யாரோ ஒரு புண்ணியவதி கைக்கு அகப்பட்ட நெற்றிக்காசைச் செருகிவிட்டாள், அடுத்த நிமிஷம் அவளுடைய மாமனார் குளியலறையில் மினுக்கிக்கொண்டு நின்றார்.

வந்தார்கள், ஆனால் முழுசாக வரவில்லை. மெஷினில் இருந்ததெல்லாம் வீட்டுப் பெட்டியில் கொள்ளவில்லை. கறுப்புப் பெட்டி வழியாக வந்தவர்களுக்கு நிறம் கொஞ்சம் மங்கல், பாட்டில் சுருதி பிசகும், அவ்வளவுதான். மஞ்சள் கேசட்டில் வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்களுக்கு மொத்தமே நாலு நிறம், மீசையும் சட்டையும் ஒரே நிறமாக இருக்கும். குரல் கிடையாது, வாயைத் திறந்தால் பீப் பீப் என்று மூன்று சத்தம். ரேஷன் கடையில் நாலைந்து பேர் ஒரே வரிசையில் நின்றால் கடைசி ஆள் மறைந்து மறைந்து தெரிவார், 'ஆள் வரலை' என்று கடைக்காரர் அவர் பங்கு மண்ணெண்ணெயைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேல், அவர்களால் இடது பக்கம் திரும்ப முடியாது. கேசட்டில் தொப்பிக்காரன் வலது பக்கம்தான் ஓடுவான், வந்த வழியில் திரும்பமாட்டான். அதனால் வீட்டை விட்டு இறங்கினால் வலது, முனையில் வலது, மறுபடி வலது என்று நாலு ரத வீதியையும் சுற்றித்தான் வீடு சேர வேண்டும். காலையும் மாலையும் இப்படிக் கோயிலை வலம் வருகிறவர்களைப் பார்த்து, செத்த பிறகாவது பக்தி வந்ததே என்று அர்ச்சகர் சந்தோஷப்பட்டார்.

ஊருக்கு ஏற்கெனவே இருந்த பிரிவினை போதாது என்று இதுவும் சேர்ந்துகொண்டது. கல்யாணப் பேச்சில் ஜாதகத்துக்கு முன்னால், "உங்க தாத்தா மெஷின் வழியா, பெட்டி வழியா?" என்று கேட்டார்கள். மஞ்சள் கேசட் என்றால் காபி குடிக்காமலே எழுந்து போனார்கள். பந்தியில் மெஷின் வழி வந்தவர்களுக்கு முதல் வரிசை, பெட்டி வழி வந்தவர்களுக்கு அடுத்தது, கேசட் வழி வந்தவர்களை வாசலில் உட்கார வைத்தார்கள், வரிசையில் உட்கார்ந்தால் எப்படியும் பாதிப்பேர் தெரியமாட்டார்கள் என்பது நியாயமாகச் சொல்லப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதை ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். திரும்பி வந்தவர்களில் பெண்கள் ரொம்பக் குறைவு. மனைவி செத்தால் நெற்றிக்காசு எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை என்று ஆண்கள் கையை விரித்தார்கள், கை விரித்த சூட்டோடு மறு கல்யாணமும் செய்துகொண்டார்கள். அந்தக் காசைத் தேடிப் பார் என்று எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லை.

வேலாயுதப்பெருமாள் ஒரு மத்தியானம், ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்லத் தொடங்கி, சொல்லி முடிக்காமலே சாய்வுநாற்காலியில் செத்துப்போனார். ஆவுடை உண்மையாகவே அழுதாள். இருபது வருஷம் ஒரு கூரைக்குக் கீழே இருந்த மனிதர், அழாமல் எப்படி? எல்லாம் முடிந்து வீடு அடங்கியதும் மண்டபத்துக்குப் போகலாம் என்று காசைக் கையில் எடுத்தாள், கண்ணை இழுத்தது, கொஞ்சம் படுத்தாள். மத்தியான நேரத்தில் படுத்துத் தூங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. நாளைக்குப் போடலாம் என்று காசை உப்பு ஜாடிக்குள் போட்டு வைத்தாள். நாளை வந்தது, அன்றைக்கும் மத்தியானம் வந்தது.

ராஜம் டாக்கீஸில் மாடிப்படி ஏறினால் உச்சியில் பெண்களுக்கான பால்கனி டிக்கெட் ஜன்னல் இருந்தது. புருஷன் வருகிறவரை உட்காரட்டும் என்று குற்றாலலிங்கம் அதை அவளுக்குக் கொடுத்தார். முதல் வாரம் அவள் குரல் ஜன்னலைத் தாண்டவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, "வரிசையா வாங்க, தள்ளாதீய, படம் எங்கயும் ஓடிராது!" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை சோடாக்கடை வரைக்கும் கேட்டது. தனக்கு இப்படி ஒரு குரல் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம். இரவு வீட்டுக்கு வந்தால் அமைதி பிடித்திருந்தது, ஆனாலும் கொஞ்சம் சத்தம் வேண்டியிருந்தது. மீரான் கடையில் மஞ்சள் கேசட்டும் ஒரு பழைய பெட்டியும் வாங்கி, தூக்கம் வருகிறவரை தொப்பிக்காரனை ஓடவிட்டாள். காசைச் செருகவில்லை, தீக்குச்சி செருகினாள்.

விரல் பழகி, நண்டெல்லாம் தாண்டி, ஒரு நாள் உச்சி மாடிக்கே போய்விட்டாள். அங்கே பெண்ணைக் காணோம். தொப்பிக்காரன் வெறும் மாடியில் நின்றான், இரண்டு தடவை குதித்தான், பிறகு படம் கீழ்மாடிக்கே திரும்பிவிட்டது.

"கேசட்டு கெட்டுப்போச்சா தம்பி?" என்று மீரானிடம் போய்க் கேட்டாள்.

"கெடலைக்கா, அது அப்படித்தான். கேசட்டுல இடம் பத்தாது பாத்துக்கிடுங்க. தொப்பிக்காரன் வேணும், நண்டு வேணும், ஏணி வேணும். எதையாவது எடுத்தாத்தான் கொள்ளும். அந்தப் பொண்ண எடுத்துட்டானுவ."

"அவ இல்லாம அவன் எதுக்கு ஓடுதான்?"

மீரான் தலையைச் சொறிந்தான். "ஓடுதாம்லாக்கா. வாங்கிட்டுப் போனவுகள்ல ஒருத்தரும் இத வந்து கேக்கல."

ஆவுடை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

கலெக்டர் வரப்போகிறார் என்ற செய்தி அந்த மாதத்தில்தான் வந்தது. 'விதவைகள் இல்லாத ஊர்' என்று ஊர் எல்லையில் போர்டு வைக்கக் கமிட்டி முடிவு செய்து, கலெக்டரைத் திறந்துவைக்க அழைத்து, பெயின்டரையும் உட்கார வைத்த பிறகுதான், ஊரில் ஒரே ஒரு விதவை மிச்சமிருப்பது குற்றாலலிங்கத்துக்கு நினைவு வந்தது. அவளை வேலைக்கு வைத்திருந்ததும் அவரேதான். அவளுடைய நாத்தனார் சங்கரவடிவையும் கமிட்டி ஆட்களையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"ஒரு ஆளுக்காக ஊர் போர்டு நிக்குதும்மா," என்றார். "காசு எங்க?"

"தேடுதேன்," என்றாள் ஆவுடை.

"தேடுதாளாம்!" என்று சங்கரவடிவு மாரில் அடித்துக்கொண்டாள். "எந்தம்பி அந்தரத்துல நிக்கான், இவ கொட்டகையில உக்காந்து சீட்டுக் கிழிச்சுக்கிட்டு இருக்கா. மத்தியானம் தூங்குதாளாம்! தெருவே சொல்லுது. புருஷன் செத்தவ தூங்குவாளாட்டி?"

"சிரிக்கவும் செய்யுறா," என்றார் கமிட்டியில் ஒருவர், தயங்கித் தயங்கி. "நானே கேட்டேன்."

குற்றாலலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உனக்காக வரிசையெல்லாம் தள்ளி, மெஷினையே ஒதுக்கித் தாரேன். மேளம் வைக்கேன். இதுக்கும் நீ மாட்டேன்னா, அந்த ஜன்னலுக்கு வேற ஆள் பாத்துக்கிட வேண்டியதுதான். உன் புருஷன் வந்தா அவரே விடமாட்டாரு, அது வேற."

அதுதான் விஷயம். மெஷின் வழியாக வந்தால் முழுசாக வருவார், குரலோடு வருவார், நின்றுபோன வாக்கியத்தை முடிப்பார். ஜன்னல் போகும், மத்தியானம் போகும், அவளுடைய சத்தம் மறுபடி தொண்டைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வராவிட்டாலும் ஜன்னல் போகும்.

"மண்டபத்துல, நாலு பேரு முன்னால, எம் புருஷனக் கூப்பிட எனக்கு வெக்கமா இருக்கு," என்றாள் ஆவுடை. "வீட்டுல வச்சு, என் கையால நானே கூப்பிட்டுக்கிடுதேன்."

கமிட்டி நெகிழ்ந்துபோனது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பத்தினியா என்று குற்றாலலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேசட் வழி வந்தால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல் ஆயிற்றே என்று சங்கரவடிவு முனகினாள், ஆனால் போர்டில் அதையெல்லாம் எழுதப் போவதில்லை என்று அவளைச் சமாதானப்படுத்தினார்கள்.

குறித்த நாளில் காலையில் எழுந்து ஆவுடை ஒரே ஒரு வேலைதான் செய்தாள். சாய்வுநாற்காலியை இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டாள், அதில் உட்கார்ந்தால் வாசல் வலது பக்கம் வருகிற மாதிரி. பிறகு காபி போட்டாள்.

வீடு நிறையக் கூட்டம், வாசலில் மேளம், குற்றாலலிங்கம் கையில் மாலை. ஆவுடை கேசட்டை ஊதினாள், சொருகினாள், உப்பு ஜாடிக்குள் கையைவிட்டுக் காசை எடுத்து, உப்பைக்கூடத் தட்டாமல் இடுக்கில் செருகினாள். நாற்காலியில் வேலாயுதப்பெருமாள் மினுக்கினார். நாலு நிறத்தில் இருந்தார், மீசை, சட்டை, நாற்காலி மூன்றும் ஒரே காவி. மினுக்கு நின்றதும் வாயைத் திறந்தார். பீப், பீப், பீப். இருபது வருஷமாக அவரோடு இருந்தவளுக்கு அது ரசத்தில் உப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது.

"தம்பீ!" என்று சங்கரவடிவு குறுக்கே பாய்ந்தாள். வேலாயுதப்பெருமாள் அவளைப் பார்த்தார், எம்பினார், அவள் தலைக்கு மேல் ஒரே தாண்டாகத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினார். மாலையோடு வந்த குற்றாலலிங்கத்தையும் அப்படியே தாண்டினார். கமிட்டி ஆட்கள் ஒவ்வொருவராகக் குறுக்கே வர, ஒவ்வொருவரையும் நண்டைத் தாண்டுகிற மாதிரி தாண்டித் தாண்டி வாசலை நோக்கி வந்தார்.

வாசலில் ஆவுடை காபி டம்ளரோடு நின்றாள். அவளை மட்டும் அவர் தாண்டவில்லை. கேசட்டில்தான் பெண்ணை எடுத்துவிட்டார்களே, தாண்ட அங்கே எதுவும் இல்லை. திறந்த கதவு வழியாகப் போகிற மாதிரி அவள் வழியாகவே நடந்து போனார், டம்ளரில் காபிகூடத் தளும்பவில்லை. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் தெருவில் இறங்கி வலது பக்கம் திரும்பி, முனையில் மறுபடி வலது பக்கம் திரும்பிப் போனார்.

அவள் எதிர்பார்த்தது இதைத்தான், வேண்டியதும் இதைத்தான். ஆனாலும் அவர் திரும்பிய முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காபியை அவளே குடித்தாள், சூடாகத்தான் இருந்தது.

ஊர் இதையும் செரித்தது. புருஷன் வந்துவிட்டதால் அவள் சுமங்கலிதான் என்று தீர்மானம் ஆயிற்று, பூவும் பொட்டும் திரும்பி வந்தன, கலெக்டர் வந்து போர்டைத் திறந்து, பெண்களின் நலனைப் பற்றி நீளமாகப் பேசினார். அவள் வேலைக்குப் போகலாமா என்று ஒரு கேள்வி எழுந்தபோது, புருஷன் போகக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அர்ச்சகரே எடுத்துச் சொன்னார். வேலாயுதப்பெருமாள் கோயிலை வலம் வந்துகொண்டே இருந்தார், பக்தர்களில் அவர்தான் முதல் என்று பெயரெடுத்தார். மனைவி அவர் கண்ணுக்கே தெரியவில்லை என்பதை ஊரில் யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சங்கரவடிவு மட்டும் ஒரு நாள் டிக்கெட் வாங்க வந்த இடத்தில், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "உன்னத் திரும்பியும் பாக்க மாட்டேங்கானே, உனக்கு வலிக்கலையா ஆவுடை?"

"முந்தி மட்டும் பாத்தாவளா மதினி?" என்றாள் ஆவுடை, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடி. சங்கரவடிவு டிக்கெட்டை மடித்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். தன் புருஷனை அவள் மெஷின் வழியாகவே, முழுசாக வரவழைத்திருந்தாள்.

ஐப்பசி மழையில் ரத வீதியில் தண்ணீர் தேங்கிய ஒரு சாயங்காலம், வேலாயுதப்பெருமாளின் வலது பக்கத்தில் வழி இருந்த இடம் டாக்கீஸ் மாடிப்படி ஒன்றுதான். படியைக் கண்டதும் ஏறினார். பால்கனி டிக்கெட்டுக்கு நின்ற பெண்களை ஒவ்வொருவராகத் தாண்டினார். அவர்கள் சிரித்துக்கொண்டே குனிந்து கொடுத்தார்கள். உச்சிக்கு வந்து, ஆவுடையின் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றார்.

நின்று, இரண்டு தடவை குதித்தார். பிறகு ஓடவில்லை. இங்கே ஏதோ இருந்திருக்க வேண்டும், எங்கே அது என்கிற மாதிரி, திரும்ப முடியாத கழுத்தோடு மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஜன்னலையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எதையாவது தேடி ஆவுடை பார்த்ததில்லை, எல்லாம் கைக்கு வந்துவிடும் அவருக்கு. அவளுக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"இங்கதான் இருக்கேன்," என்றாள். "ஆவுடை. எம் பேரு ஆவுடைத்தங்கம்."

பீப், பீப், பீப் என்றார் அவர். உப்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பிறகு மினுக்கி மறைந்தார், கொஞ்ச நேரத்தில் கீழே தெருவில், முதல் படிக்குப் பக்கத்தில், வலது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள், வரிசை முணுமுணுத்தது. ஆவுடை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் கட்டை எடுத்தாள்.

"அடுத்தது யாரு? வரிசையா வாங்க, தள்ளாதீய," என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "படம் போட்டாச்சு!"